திருத்தணி தந்த அறிஞரும் கிராமப் பல்கலைக்கழகமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டை நிறுவிய பெரியோருள் ஒருவராகிய பெஞ்சமின் பிராங்கிளின், மெழுகுவத்தி வார்ப்பவரின் மைந்தராய்ப் பிறந்து அச்சுத் தொழிலால் உயர்ந்தவர். 1732-இல் தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் வெளியிட்ட பஞ்சாங்கத்தில், நாள்கோள் குறிப்புகளுக்கிடையே உழைப்பையும் சிக்கனத்தையும் பற்றிய சிறு மொழிகளைப் பொதிந்து வைத்தார். வேறு நூல் வாங்க இயலாத குடியானவர் இல்லங்களிலும் அது புகுந்தது. 1731-இல் நண்பர்களிடம் சந்தா திரட்டி நூலகம் கண்டார். 1752-இல், உறுப்பினர் ஒருவருக்கொருவர் ஈடு நிற்கும் தீக்காப்புச் சங்கம் அமைக்கத் துணைநின்றார். கூட்டுறவாளராகிய நாம் அவரை அயலாராகக் கருதுவதற்கில்லை.

நூலாசிரியராயும் நாடாள்வோராயும் ஒருங்கே விளங்கிய அத்தகைய ஒருவரை நம் பக்கத்தில் ஈன்ற ஊர் திருத்தணி. முருகன் குன்றின் அடிவாரத்தில், தெலுங்கு பேசும் எளிய குடும்பமொன்றில், 1888 செப்டம்பர் 5-இல் தோன்றினார் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அந்நாளில் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த திருத்தணி, பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்திற்குச் சென்று, 1960-இல் மீண்டும் நம் மாநிலத்தை அடைந்தது. இரு மொழியாரும் உரிமை கொண்டாடும் ஊர்; அவரையும் அப்படியே கொண்டாடுகின்றனர்.

உதவித்தொகையைக் கொண்டே அவர் கற்றார். தேர்ச்சி பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை இலவசமாகத் தந்தமையால்தான் அப்பாடத்தை மேற்கொண்டார் என்பர். நூல் வாங்கப் பணமில்லாமை ஒரு தத்துவப் பேராசிரியரை ஆக்கிற்று! 1923-லும் 1927-லும் வெளிவந்த 'இந்தியத் தத்துவம்' இரு தொகுதிகளும் மேனாட்டாரிடையே அவர் புகழை நிறுத்தின. 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராயிருந்தார்.

பகலெல்லாம் தறியில் அமர்ந்தவர் இரவில் விளக்கருகே வைத்துப் படிக்கத்தக்கன அத்தொகுதிகள் என்று நாம் சொல்லோம். ஆசிரியர் தினந்தோறும் அவர் பெயரால் வழங்கும் பொன்மொழிகளிலோ, அவர் கூறியது எது, பிறர் புனைந்தது எது எனப் பிரித்தறிதல் அரிது. நமக்கு உற்ற எழுத்து வேறொன்றுண்டு. அது நூலன்று, அரசாங்க அறிக்கை.

1948-இல் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவர். சாகிர் உசேன், ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், மேகநாத சாகா முதலியோர் உறுப்பினர். 1949-இல் அளித்த அறிக்கையின் ஓர் அத்தியாயம் கிராமப் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. அதில் அமெரிக்கப் பொறியியலாளர் ஆர்தர் மார்கனின் பங்கு பெரிது. கிராமத்துச் சிறந்த இளைஞர் கல்விக்காக நகரம் புகுந்து திரும்பாது போவதை அது எடுத்துக்காட்டுகிறது. சுமார் 300 மாணவர் உறைந்து கற்கும் சிறு கல்லூரிகள் பல, அவற்றின் நடுவே ஒரு பல்கலைக்கழகம், படிப்போடு கைத்தொழிற் பயிற்சி என்பது அதன் திட்டம். டென்மார்க் நாட்டு மக்கள் கல்லூரிகள் அதற்கு ஒரு முன்மாதிரி. அந்நாட்டு உழவர் 1882-இல் கூட்டுறவுப் பால் நிலையம் தொடங்கி, சில பத்தாண்டுகளில் உலகச் சந்தையில் வெண்ணெய் விற்கும் வலிமை பெற்றமைக்கு அக்கல்லூரிகளும் ஒரு காரணம் என்பர்.

அறிக்கையின் பிற பரிந்துரைகளுள் சில செயலாயின. பல்கலைக்கழக மானியக் குழுவும் அமைந்தது. கிராமப் பல்கலைக்கழகத்தின் நிலை அவ்வாறன்று. நாடெங்கும் ஒரு சில நிலையங்களே எழுந்தன என்பது நமக்கு வருத்தமே. அவற்றுள் ஒன்று நம் மாநிலத்தில், சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டியை அடுத்த காந்திகிராமத்தில், 1956-இல் தொடங்கிற்று. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய அவ்விடம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பள்ளியிறுதி முடித்த பிள்ளைகளை உடைய உறுப்பினர், சென்னைக் கல்லூரிகளை நாடுமுன் அங்குள்ள பாடங்களையும் விசாரிப்பது நன்று.