காப்பணிகளும் உணர்கருவிகளும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தொழிலாளர் அணியும் முகமூடி, கையுறை, மேலங்கி முதலிய காப்பணிகளிற் சிறிய உணர்கருவிகளைப் பொருத்தி, அவை தரும் அளவீடுகளைக் கணினிகொண்டு ஆராய்ந்து, விபத்தும் நோயும் நேருமுன் எச்சரிக்கும் முயற்சிகள் அண்மைக்காலமாகப் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. கட்டடத் தொழிலையும் சுரங்கத்தையும் பெருந்தொழிற்சாலைகளையும் மனத்திற்கொண்டே இவை பெரும்பாலும் வளர்ந்துள்ளன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு இவற்றாற் பயன் உண்டா என்பதே நாம் ஆராயும் விடயம். உண்டு என்றே கருதுகிறோம். ஆயின், கருவி சோதிக்கவேண்டியது ஆளையா அணியையா என்ற வினாவுக்கு முதலில் விடை காணல் வேண்டும்.

இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்பத் தொழிற்சாலைக்கே உரியது. இறப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியாவும், பின்னர் உறைவதற்குப் போமிக் அமிலமும் கையாளப்படும் தோட்டத் தொழிற்சாலை அதன் வரம்பினுள் அடங்கும். விடியற்காலையிற் பால்வெட்டச் செல்பவரும், சரிவிலே மருந்தடிப்பவரும் உழைக்கும் மலையோ அவ்வரம்புக்கு வெளியே கிடக்கிறது. ஒரே தோட்டம், ஒரே லயம். ஆயினும் கதவுக்கு உள்ளே ஒரு நீதி, வெளியே வேறொரு நீதி.

மருந்தடிப்பவர் முகமூடியைக் கழற்றிவிடுகிறார் என்பது தோட்ட நிருவாகத்தினரிடம் அடிக்கடி கேட்கும் குறை. அறியாமை, அலட்சியம் என்று அதற்குக் காரணம் கற்பிப்பதும் வழக்கம். இதனை வெப்ப அறிவியலின் துணைகொண்டு நோக்குதல் தகும். வெயில், காற்றின் ஈரம், காற்றோட்டம் ஆகியவற்றை ஒருங்குசேர்த்து உடல் தாங்கும் வெப்பத்தை ஒரே எண்ணாக உரைக்கும் சுட்டியொன்றை, 1957 இல் யாக்லூ, மினார்ட் என்னும் இருவர் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களுக்காக வகுத்தனர். அதனையே அடிப்படையாகக் கொண்ட 2017 ஆம் ஆண்டுச் சர்வதேச நியமத்தின்படி, வெப்பத்துக்குப் பழகிய ஒருவர் நடுத்தரமான உழைப்பிலே தொடர்ந்து ஈடுபடுதற்கு 28 பாகையே மேலெல்லை. நீராவி வெளியேறவிடாத மேலங்கியை அணிந்தால் அளந்த எண்ணோடு மேலும் 10 பாகை கூட்டவேண்டும். அஃதாவது, சுட்டி 25 பாகை காட்டும் ஒரு நல்ல காலைப்பொழுதிற்கூட அங்கியினுள் நிற்பவருக்கு அது 35. முதுகிலே பதினாறு லீற்றர் கொள்ளும் தாங்கியைச் சுமந்து செங்குத்தான சரிவில் ஏறுபவர் முகமூடியைக் கழற்றுவது அலட்சியத்தினாலன்று; மூச்சுவிடுவதற்காகவே.

உலக அமைப்புகள் இதனை உணராமலில்லை. உணவு விவசாய நிறுவனம் 1985 இல் ஏற்றுக்கொண்ட பீடைநாசினி நடத்தைக்கோவை, அசௌகரியமும் விலையும் மிகுந்த காப்பணி இன்றிக் கையாளமுடியாத மருந்துகளை வெப்பநாடுகளிற் சிறு பயனாளர் பயன்படுத்துவது தவிர்க்கப்படவேண்டும் என்று அக்காலத்திலேயே கூறிற்று. இலங்கையிற் பரகுவாட் என்னும் களைகொல்லி 2008 முதற் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு 2011 அளவிலே முற்றாக நீக்கப்பட்டது. எந்த முகமூடியும் செய்யாத காரியத்தை அந்நீக்கம் செய்தது. நஞ்சை அகற்ற இயலுமிடத்து உணர்கருவியைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பலேயாகும். அகற்றவியலாத இடங்களைக் குறித்தே மேலே தொடர்கிறோம்.

அளத்தல் இம்மலைகளுக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிற் பரகுவாட் தெளித்தோரின் உடலிற் படிந்த மருந்தின் அளவை மதிப்பிட்ட ஆய்வொன்று 1993 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆயின் அத்தகைய அளவீடு ஆய்வாளர் வந்துபோகும் சில நாட்களுக்கே உரியது. உணர்கருவியின் சிறப்பு இங்கேதான் உள்ளது: அது ஒவ்வொரு நாளும் உடனிருக்கும். முகமூடியினுள் ஓர் அழுத்த உணரியை வைத்தால், மூச்சை உள்ளிழுக்குந்தோறும் அழுத்தம் சிறிது தாழ்வதை அது பதியும். முகத்தோடு முகமூடி பொருந்தாமற் காற்றுக் கசியின் அத்தாழ்வு குன்றும். இடுப்பிற் கட்டிய அசைவு உணரி, ஏறுகிறாரா நிற்கிறாரா வழுக்கினாரா என்பதைக் காட்டும். இத்தகைய அளவீடுகள் பல்லாயிரத்தைக் கணினிக்கு ஊட்டி, இன்னது கசிவு, இன்னது களைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுக் கொடுத்தால், பின்னர் வரும் அளவீட்டைத் தானே இனங்காண அது பழகிக்கொள்கிறது. இயந்திரக் கற்றல் என்பதன் சாரம் இவ்வளவே. இதில் மந்திரம் ஏதுமில்லை.

பழக்கிய இடத்தை விட்டு வேறிடம் போனால் இக்கல்வி தடுமாறும். தலைக்கவசமும் ஒளிரும் மேலாடையும் அணிந்த கட்டடத் தொழிலாளியின் படங்களைக் கண்டு பழகிய கணினிக்கு, இடுப்பிற் படங்கு கட்டித் தலையிற் கூடைக்கயிறு மாட்டிய கொழுந்து பறிக்கும் பெண் யார் என்றே விளங்காது. சமதரையிலே விழுதலை அறியக் கற்ற உணரி, மலைச்சரிவிற் குனிந்து நிற்பவரையும் விழுந்தவராகக் கணிக்கலாம். இரத்தினபுரி மழைக்காலத்திலோ அங்கிக்கு உள்ளும் புறமும் ஈரம் ஒன்றேயாதலால் ஈரப்பத உணரி கூறுவதிற் பொருள் அதிகமிராது. எனவே, கற்பதற்கான தரவு இம்மலைகளிலேயே திரட்டப்படவேண்டும்.

திரட்டுவோர் ஒன்றை மறத்தலாகாது. தோட்டத் தொழிலாளிக்கு அளவுகருவி புதிதன்று. தராசும் ஓர் உணர்கருவியே. கூடைக்கும் நீருக்கும் என்று நிறையிற் கழிக்கப்பட்ட கொழுந்தின் கதை தலைமுறை தலைமுறையாக லயங்களிற் பேசப்படுவது. மூச்சையும் அசைவையும் பதியும் கருவி, நாளை யார் எத்தனை நிமிடம் நின்றார் என்று கணக்கிட்டுக் கூலியில் கைவைக்கும் கருவியாக மாறாது என்பதற்கு என்ன உறுதி? அளவீடுகள் தொழிலாளரின் உடைமையாயிருத்தல், பெயரின்றிப் பதிதல், சம்பளப் பதிவேட்டோடு இணையாதிருத்தல் ஆகிய நிபந்தனைகளைத் தொழிற்சங்கங்கள் கருவி மலையேறுமுன்னரே எழுத்திற் பெறவேண்டும். பின்னர் கேட்டால் கிடையாது.

இந்நிபந்தனைகளின்மேல் ஆய்வைத் தொடங்குவதாயின், மருந்தடிக்கும் ஒரு குழுவும் ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் முதலிற் போதுமானவை. கணினிக்குப் பெயரிட்டுக் கொடுக்கும் வேலையை நகரத்து ஆய்வுகூடத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்தல் தகாது. முகமூடியைக் கழற்றியவரே அன்று மாலையில், எந்த வேளையிற் கழற்றினேன், மூச்சு முட்டியதா, கண்ணாடியிற் புகார் படிந்ததா, பட்டி கன்னத்தை அறுத்ததா என்று கூறவும், அது தேதியோடு குறிக்கப்படவும் வேண்டும். மூன்று அளவிலே தைத்த முகமூடிகளுள் எது மிகக் குறைந்த தடவை கழற்றப்பட்டது என்பதை அக்குறிப்பிலிருந்து அறிந்துகொள்ளலாம். அடுத்த தொகுதியை வாங்கும்போது தோட்ட நிருவாகம் பார்க்கவேண்டிய கணக்கு அதுவே.