விளம்பரத்திலும் களையெடுக்க வேண்டும்

மன்னார்குடிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். போன தை மாதம் சீரக சம்பா அறுத்து, அரிசியாக்கி, மூட்டை அடுக்கியதும் ஒரு முடிவெடுத்தேன். இனி வியாபாரியிடம் விலை கேட்டு நிற்கக் கூடாது, சாப்பிடுகிறவர்களிடமே நேரடியாக விற்க வேண்டும். கூகுளில் விளம்பரம் கொடுத்தால் ஆர்டர் வரும் என்றார்கள். ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்து, செல்போனிலேயே விளம்பரம் போட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. ஆனால் வந்த அழைப்புகளைக் கேளுங்கள். "அண்ணே, மட்டன் பக்கெட் பிரியாணி எவ்வளவு?" "ஞாயித்துக்கிழமை நைட்டு எத்தனை மணி வரைக்கும் கடை இருக்கும்?" இன்னொருவர் விதைநெல் கேட்டார். அரிசி கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மாதக் கடைசியில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். விளம்பரச் செலவு 6,000 ரூபாய். ஒரு கிளிக்குக்கு சராசரியாக 8 ரூபாய் வீதம் 750 கிளிக். அதில் அரிசி வாங்கியவர்கள் 15 பேர், ஆளுக்கு 5 கிலோ. அதாவது ஒருவரைப் பிடிக்க 400 ரூபாய் செலவு. 5 கிலோவில் அரவைக் கூலி, பை, பார்சல் எல்லாம் போக எனக்கு நிற்பது 200 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் 200 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. இடைத்தரகர் வேண்டாம் என்று கிளம்பியவன், அவரைவிடப் பெரிய தரகருக்குக் கமிஷன் கட்டியிருக்கிறேன்.

என் அக்கா மகன் வந்து கணக்கைத் திறந்து பார்த்தான். "மாமா, பிரியாணி தேடுறவங்களுக்கெல்லாம் நீங்க ஏன் காசு கட்டுறீங்க?" என்றான். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ஒரு ஏலம்

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்திக்கு மறைமுக ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூகுளில் ஒருவர் ஒரு சொல்லைத் தட்டித் தேடும் ஒவ்வொரு முறையும் அதுபோல ஒரு ஏலம் கண நேரத்தில் நடக்கிறது. அந்தச் சொல்லுக்கு யார் விளம்பரம் மேலே வர வேண்டும் என்பதுதான் ஏலம். விளம்பரம் தெரிந்தால் மட்டும் காசு இல்லை, ஒருவர் அதைத் தொட்டால்தான் காசு.

ஆனால் அதிகம் கேட்டவருக்கே இடம் என்பதில்லை. தேடியவருக்கு இந்த விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, அவர் தொட வாய்ப்பு எவ்வளவு, தொட்ட பிறகு திறக்கும் பக்கம் உபயோகமானதா என்ற தரத்தையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 1 முதல் 10 வரை ஒரு தர மதிப்பெண் கணக்கில் தெரியும். நாம் கட்டுவதும், அடுத்தவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். ஆகவே, தரம் கூடினால் குறைந்த காசுக்கே நல்ல இடம் கிடைக்க வழியுண்டு. பொருத்தமில்லாத சொல்லுக்கு நின்றால் இரண்டு நஷ்டம்: வாங்காதவர் தொட்டு காசு போகும், தொடாதவர்களால் தரமும் இறங்கும்.

சொல்லுக்கு வேலி போடுங்கள்

நான் கொடுத்திருந்த சொல் "சீரக சம்பா" மட்டும். அதை அப்படியே கொடுத்தால் அகலப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தொடர்புடைய எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். வேலியில்லாத வயல் மாதிரிதான், யார் மாடு வேண்டுமானாலும் மேயும்.

வேலி இரண்டு வகை. சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் போகும். சதுர அடைப்புக்குள் கொடுத்தால், அதே பொருள் கொண்ட தேடலுக்கு மட்டும் போகும். இப்போது நான் வைத்திருப்பவை இப்படி:

[சீரக சம்பா அரிசி வாங்க]
[சீரக சம்பா அரிசி 5 கிலோ விலை]
"இயற்கை சீரக சம்பா அரிசி"

தேடுபவர் மனதில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். "பயன்கள்" என்று தேடுபவர் படிக்க வந்தவர். "விலை", "வாங்க", "கிலோ", "டெலிவரி" என்று தேடுபவர்தான் பையோடு வந்தவர். நம் மக்கள் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வாரம் ஒரு களை

வேலி போட்டாலும் களை முளைக்கும். கணக்கில் "தேடல் சொற்கள்" என்று ஓர் அறிக்கை இருக்கிறது. மக்கள் உண்மையில் எதைத் தட்டி நம்மிடம் வந்தார்கள் என்பதை அது காட்டும். எல்லாத் தேடலும் அதில் வராது. ஆனாலும் வந்தவரைக்கும் போதும், பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். வேண்டாதவற்றை "எதிர்மறைச் சொல்" பட்டியலில் போட்டால், அந்தத் தேடலுக்கு நம் விளம்பரம் போகாது.

என் பட்டியலில் இருப்பவை: பிரியாணி கடை, பக்கெட் பிரியாணி, செய்வது எப்படி, விதைநெல், சாகுபடி, சம்பா ரவை, வேலை. செக்கு எண்ணெய் விற்பவர்கள் "செக்கு இயந்திரம்" என்பதை முதலில் தடுங்கள். இயந்திரம் வாங்க வருபவர் எண்ணெய் வாங்கப் போவதில்லை.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் "பிரியாணி" என்ற ஒற்றைச் சொல்லையே தடுத்துவிட்டேன். ஒரு வாரம் விற்பனை படுத்துவிட்டது. பார்த்தால், "பிரியாணி அரிசி 5 கிலோ" என்று தேடிய நல்ல வாடிக்கையாளர்களையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறேன். களையெடுக்கிறேன் என்று பயிரைப் பிடுங்கிய கதை. ஒற்றைச் சொல்லைத் தடுக்கும் முன், அந்தச் சொல்லோடு வாங்க வருபவர் யாராவது உண்டா என்று பாருங்கள். இன்னொன்று: ஒரு சொல்லைத் தடுத்தால் அதே பொருளுள்ள வேறு சொல் தானாகத் தடைபடாது. தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும்.

தானாக விழும் டிக்குகள்

விளம்பரம் போடும்போது சில டிக்குகள் முன்கூட்டியே விழுந்திருக்கும். தேடல் விளம்பரத்தோடு வேறு தளங்களிலும் காட்டு என்பது ஒன்று. அதை எடுத்துவிடுங்கள். இடம் என்பதில், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அதில் ஆர்வமுள்ளவர்களுக்கும் காட்டு என்றிருக்கும். "இருப்பவர்கள்" மட்டும் போதும். நான் பார்சல் கட்டுபடியாகும் நான்கு மாவட்டங்களை மட்டும் வைத்திருக்கிறேன். நேரமும் வைக்கலாம். நாற்றங்காலில் நிற்கும்போது போனை எடுக்க முடியாதல்லவா? காலை 9 முதல் 12, மாலை 5 முதல் 9 என்று வைத்தேன். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் போட்டேன்.

கடைசியாக, தொட்டதும் திறக்கும் பக்கம். முன்பு என் வயல் படமும் வாழ்க்கைக் கதையும்தான் திறந்தது. இப்போது நேராக சீரக சம்பா, கிலோ விலை, பார்சல் செலவு, எந்தப் பருவத்து அரிசி, போன் நம்பர். கேட்டது கண்ணில் பட்டால்தான் நிற்பார்கள்.

இப்போதைய கணக்கு

மூன்றாவது மாதம் நாளைக்கு 80 ரூபாய், மொத்தம் 2,400. கிளிக் 6 ரூபாய்க்கு இறங்கி, 400 கிளிக். வாங்கியவர்கள் 25 பேர். ஒருவருக்கு 96 ரூபாய். செலவு பாதிக்கும் கீழே, விற்பனையோ கூடுதல். உங்கள் பொருளுக்கும் ஊருக்கும் இந்த எண்கள் மாறும், ஆனால் கணக்கு ஒன்றுதான்: ஒரு கிளிக்கின் விலையை, ஒரு விற்பனைக்கு எத்தனை கிளிக் ஆகிறதோ அதனால் பெருக்குங்கள். அது உங்கள் லாபத்துக்கு மேலே போனால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நிறுத்த ஒரு பொத்தான்தான்.

முதல் பார்சலுக்குத்தான் இந்தச் செலவு. அரிசி நன்றாக இருந்தால் இரண்டாவது முறை அவரே போன் செய்வார், அதற்குக் கமிஷன் கிடையாது. அதனால் ஒவ்வொரு பையிலும் என் நம்பரை எழுதிப் போடுகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டையும் செல்போனையும் எடுத்து வருகிறேன். விளம்பரம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்கள் கணக்கோடு வாங்க, உட்கார்ந்து சேர்ந்தே களையெடுப்போம்.