செவிக்கேற்ற கருவி

மாணாக்கர் கையில் நூல் இல்லாத நேரம் உண்டு. செவியில் இயர்போன் இல்லாத நேரம் இந்நாளில் அரிது. விடுதி அறையிலும், பேருந்திலும், ஓட்டப் பயிற்சி செய்யும் மைதானத்திலும் அஃது உடன் செல்கின்றது. ஆயினும் அதனை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் விலையையும் நிறத்தையும் விளம்பரத்தையும் நோக்குகின்றனரேயன்றித் தத்தம் செவியை நோக்குவதில்லை. தேகப்பயிற்சிக்கும் அன்றாடம் இசை கேட்பதற்கும் உரிய இயர்போனைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

முதற்கண் செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். செவித்துளை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் முடிவில் செவிப்பறையும், அதற்கப்பால் மூன்று சிற்றெலும்புகளும், அவற்றிற்கும் உள்ளே நத்தையோடு போலச் சுருண்டதோர் உறுப்பும் உள்ளன. அவ்வுறுப்பினுள் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியின் அசைவை நரம்பின் வழியே மூளைக்கு உணர்த்துவன இவையே. வெட்டிய நகம் வளரும். விழுந்த பாற்பல்லின் இடத்தில் வேறு பல் தோன்றும். பேரொலியால் அழிந்த மயிரணுவோ மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் இயர்போனைத் தேர்தல் பொழுதுபோக்கைப் பற்றிய சிறு விஷயமன்று.

இக்கருவியின் வரலாறும் அறியத்தக்கது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நதானியேல் பால்டுவின் என்பார் அமைத்து அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்த கருவி, தலைமேல் கவிந்து இரு செவிகளையும் மூடுவதாகும். செவித்துளையினுள் நுழைந்து அதனை அடைக்கும் வகை இசை விரும்புவோர்க்கெனப் பின்னரே வந்தது. எட்டிமோட்டிக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஈ.ஆர்.-4 அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய ஐபோனில் கம்பி செருகும் துளையை நீக்கியபின், கம்பியில்லா வகை விரைந்து பரவலாயிற்று.

இனி, தேர்வு முறைக்கு வருவோம். துளையினுள் பொருந்தும் இயர்போனுக்கு உயிர்நிலையாவது அதன் நுனியிலுள்ள மெல்லிய உறையே. அவ்வுறை செவித்துளையை இடைவெளியின்றி அடைத்தாலன்றித் தாழ்ந்த சுரங்கள் செவிப்பறையை நிறைவாக எய்தா. மிருதங்க வாசிப்பு ஒன்றைக் கேட்டு இதனைச் சோதிக்கலாம். உறை பொருந்தாவிடின் வலந்தலையின் சொற்கள் தெளிவாகக் கேட்கும்; இடந்தலையின் கும்மென்னும் நாதமோ மெலிந்து மறையும். அப்பொழுது இயர்போனை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நாதம் பெருகுமாயின் குறை கருவியினுடையதன்று, உறையின் அளவினுடையது என்று துணியலாம். பெரும்பாலும் சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகை உறைகள் உடன் வருகின்றன. ஒருவருடைய இரு செவிகளும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டுமென்பதில்லை; ஆதலின் வலத்திற்கு ஒன்றும் இடத்திற்கு ஒன்றுமாக வேறு அளவு இடுவதில் நாணம் வேண்டா.

உறை நன்கு பொருந்துவதால் வேறொரு நன்மையும் உண்டு. பேருந்தின் இரைச்சலை வெல்லும் பொருட்டுப் பலர் இசையின் ஒலியை மிக உயர்த்துகின்றனர். புறத்தொலி உள்ளே புகாதபடி தடுக்கப்படின் மெல்லிய இசையே போதியதாகும். இரைச்சலுக்கு எதிரொலி எழுப்பி அதனைத் தணிக்கும் மின்னமைப்புள்ள கருவிகளும் உள்ளன. அவை இயந்திரத்தின் இடையறா உறுமலை நன்கு அடக்கும், பேச்சையும் திடீர் ஓசையையும் அத்துணை அடக்கமாட்டா. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபெல்லே எல்லையென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லில் வாரத்திற்கு ஏறக்குறைய 4 மணி நேரமே தகும். உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர் அளவு கடந்து கேட்பதால் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரிக்கின்றது.

நிற்க. அறையிலும் வண்டியிலும் குணமாக உள்ள இவ்வடைப்பே, தேகப்பயிற்சியின்போது குற்றமாதலும் உண்டு. இரு செவிகளையும் விரலால் அடைத்துக்கொண்டு சில அடிகள் நடந்து பாருங்கள். காலடி ஒவ்வொன்றும் மண்டையினுள் இடிப்பது போலத் தோன்றும். உடலின் எலும்பு வழி வரும் ஓசை வெளியேற வழியின்றித் துளையினுள் தங்குவதே காரணம். ஓடுவோர்க்கு இது பெருந்தொல்லை. அதனினும் பெரிது, பின்னே வரும் வண்டியின் ஒலி கேளாமை. சாலையில் ஓடுவோரும் மிதிவண்டி ஊர்வோரும் செவியை அடையாத திறந்த வகையையோ, கன்னத்தெலும்பின் வழியே ஒலி செலுத்தும் வகையையோ கொள்வதே தக்கது. இவற்றில் தாழ்ந்த நாதம் குறையும். அக்குறையை ஈடுசெய்ய ஒலியை உயர்த்துவோர் திறந்த செவியின் பயனையும் இழப்பர். வண்டிகளில்லாத பயிற்சிக் கூடத்தில் அடைக்கும் வகையும் ஆகும்.

வியர்வையைப் பற்றியும் ஒரு சொல். ஐ.பி.எக்ஸ்.4 என்னும் குறி, தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினும் கெடாது என்பதைக் குறிக்கும். ஆயினும் இச்சோதனைகள் நன்னீரால் செய்யப்படுவன. வியர்வையிலோ உப்பு உண்டு. ஆதலின் பயிற்சி முடிந்தவுடன் கருவியைத் துடைத்து உலர்த்துதல் நன்று. ஈரச் செவியில் பூஞ்சை நோய் எளிதில் பற்றும். பிறருடன் இயர்போனை மாற்றிக்கொள்வதும் தகாது.

கம்பியுள்ளதா, இல்லாததா எனின், ஓடுவோர்க்குக் கம்பியில்லாததே வசதி. ஆயின் அதன் சிறிய மின்கலம் சில ஆண்டுகளில் வலு குன்றும், மாற்றுவதும் எளிதன்று. அமர்ந்து இசை கேட்போர்க்குக் கம்பியுள்ளது குறைந்த விலையில் நெடுநாள் உழைக்கும். கம்பி ஆடையில் உராயும் ஓசை செவியில் கேட்குமாயின், அதனைக் காதின் மேலாகச் சுற்றி அணிந்தால் பெரிதும் குறையும்.

ஆகவே, வாங்குவோர் முதலில் எங்கே கேட்கப் போகின்றோம் என்பதையும், அடுத்து உறை செவிக்குப் பொருந்துகின்றதா என்பதையும், பின்னர் வியர்வை தாங்குமா என்பதையும் ஆராய்க. நிறமும் பெயரும் இவற்றிற்குப் பின்னரே. ஒன்றே இருவகைக்கும் ஆகும் என்று விலையுயர்ந்ததொன்றை வாங்குவதினும், சாலைக்கு ஒன்றும் அறைக்கு ஒன்றுமாக எளிய இரண்டை வாங்குவது பலர்க்கும் நலம் பயக்கும். கேட்டு முடித்தபின் செவியினுள் இரைச்சல் எழுமாயின் அதனை எச்சரிக்கையெனக் கொண்டு ஒலியைக் குறைத்தல் வேண்டும். கருவி பழுதுபட்டால் கடையில் வேறு கிடைக்கும். செவிக்கு அத்தகைய கடை இல்லை.