கணித ராக்

கணித ராக் என்பது ராக் இசையின் ஒரு கிளை வகையாகும். பெரும்பாலான ராக் பாடல்கள் நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் அமைபவை. இவ்வகைப் பாடல்களோ ஐந்து, ஏழு, பதினொன்று போன்ற எண்ணிக்கைகளிலும், பாடலின் நடுவிலேயே மாறிவிடும் சுற்றுகளிலும் அமைகின்றன. 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ, லூயிவில், பிட்ஸ்பர்க், சான் டியேகோ முதலிய நகரங்களில், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வெளியே இவ்விசை வளர்ந்தது. அதே காலத்தில், பலவேளை அதே இசைஞர்களாலேயே வளர்க்கப்பட்ட இரைச்சல் ராக் என்னும் வகையிலிருந்து இதனைத் தெளிவாகப் பிரிப்பது கடினம். லயக் கணக்கில் பழகிய தமிழருக்கு இதன் கட்டமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. அதன் ஒலியே முதலில் தடையாக நிற்கும்.

பெயரும் தோற்றமும்

கணித ராக் என்னும் பெயர் கேலியாகவே தொடங்கியது என அவ்வகை இசைஞர் சிலர் கூறியுள்ளனர். இப்பெயரால் சுட்டப்படும் இசைஞர்களில் பலர் அதனை விரும்பியதில்லை. அவர்கள் தாளில் கணக்கிட்டுப் பாடல் இயற்றியவர்களும் அல்லர். ஒத்திகை அறையில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே சுற்றுகளைப் பழகினர்.

ராக் இசையில் ஒற்றைப்படைச் சுற்றுகள் 1990களுக்கு முன்பே இருந்தன. 1969இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட கிங் கிரிம்சன் என்னும் ஆங்கிலேயக் குழு இதில் முன்னோடி ஆகும். 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர். பின்னர் கடம் கலைஞர் விக்கு விநாயக்ராம், வயலின் கலைஞர் எல். சங்கர் ஆகியோருடன் அவர் சேர்ந்து வாசித்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. எனினும் இவர்களுடைய இசை வித்தைத் திறனைப் பெருமையுடன் காட்டும் இசை. கணித ராக் குழுக்கள் அந்தச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு, நீண்ட தனி வாசிப்புகளையும் ஆடம்பரத்தையும் விட்டுவிட்டன. அவற்றின் வேகமும் சினமும் பங்க் ராக்கிலிருந்து வந்தவை.

தாளக் கணக்கு

கருநாடக இசையில் மூன்று (தகிட), நான்கு (தகதிமி), ஐந்து (தகதகிட), ஏழு (தகிடதகதிமி), ஒன்பது ஆகிய எண்ணிக்கைகள் முறையே திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் எனப்படுகின்றன. கணித ராக்கின் சுற்றுகளையும் இச்சொற்கட்டுகளைக் கொண்டே எண்ணிவிடலாம். எடுத்துக்காட்டாக, கேரளப் பெற்றோருக்குப் பிறந்த கிம் தயில் கிட்டார் வாசித்த சவுண்ட்கார்டன் குழுவின் ஸ்பூன்மேன் (1994) என்னும் பாடல் ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. அது கணித ராக் ஆகாது. பெரும் வெற்றி பெற்ற பாடல். ஆயினும் தகிடதகதிமி என்று சொல்லிக்கொண்டே அதனைக் கேட்பது இவ்விசைக்குள் நுழைய நல்ல வழியாகும்.

எண்கள் ஒன்றாயினும் அவை பயன்படும் முறை வேறு. கருநாடக இசையில் தாளம் மாறுவதில்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் கையால் போடப்பட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு முழுவதும் அந்த மாறாத தாளத்தின் மேல் எழுப்பப்படும். சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்திற்கு 32 மாத்திரைகள். பத்து மாத்திரை கொண்ட சொற்கட்டை மும்முறை வாசித்து, இடையில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 10+1+10+1+10 என 32 நிறைவுற்று, அடுத்த அடி சமத்தில் விழும். கை தட்டிக்கொண்டிருக்கும் கேட்போருக்கு அது எங்கே வந்து சேரும் என்பது முன்கூட்டியே தெரியும். சுவையும் அந்த எதிர்பார்ப்பில்தான் உள்ளது.

கணித ராக்கில் தாளம் போடுபவர் எவரும் இல்லை. கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு எவ்வளவு நீளமோ அதுவே சுற்றாகிறது. துணுக்கு மாறினால் சுற்றும் மாறிவிடும். சில இடங்களில் கிட்டார் ஏழாகவும் டிரம்ஸ் நான்காகவும் ஒரே நேரத்தில் செல்லும். இரண்டும் 28ஆம் எண்ணிக்கை முடிந்த பிறகே மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். சில பாடல்களில் அதற்குள் ஒன்று நின்றுவிடும். சமம் என்னும் உறுதியான தரை கேட்போருக்கு அளிக்கப்படாமையே இவ்விசை ஏற்படுத்தும் பதற்றத்திற்குக் காரணம் ஆகும்.

லூயிவில் நகரின் ஸ்லின்ட் குழு இதனை மிக அடக்கமாகக் கையாண்டது. உறுப்பினர்கள் இருபது வயதை ஒட்டியவர்களாக இருந்தபோது, 1990இல் சில நாட்களிலேயே பதிவு செய்யப்பட்டு 1991இல் வெளிவந்த ஸ்பைடர்லேண்ட் என்னும் இசைத்தொகுப்பில் ஆறு பாடல்களே உள்ளன. குரல் பெரும்பாலும் கதை சொல்வது போலத் தாழ்ந்து பேசும்; பின்னர் திடீரென இரைச்சல் எழும். தொகுப்பு வெளிவருமுன்பே குழு கலைந்துவிட்டது. பிட்ஸ்பர்க்கில் 1991இல் தோன்றிய டான் கபயேரோ குழு இதற்கு நேர்மாறானது. அதில் பாடகரே இல்லை. டேமன் சே என்பவரின் டிரம்ஸ் தாளம் காப்பதை விட்டுவிட்டு முதன்மை இசைக்கருவியாகவே ஒலிக்கும். தவில் தனியாவர்த்தனம் கேட்டுப் பழகியவர்கள் இக்குழுவிலிருந்து தொடங்குவது நல்லது.

கரடுமுரடான ஒலி

இரைச்சல் ராக்கில் இரைச்சல் என்பது பிழையாகக் கருதப்படுவதில்லை. ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றும்போது எழும் கரகரப்பு, கிட்டாரும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று கேட்டு எழுப்பும் ஊளை, தந்தியில் உலோகம் உரசும் கிறீச்சொலி ஆகியவை சுரங்களைப் போலவே இடமறிந்து பயன்படுத்தப்படுகின்றன. ஜீசஸ் லிசர்ட் குழுவின் கோட் (1991), லயர் (1992) ஆகிய தொகுப்புகளில் டேவிட் யோவின் குரல் மற்றக் கருவிகளுக்கு அடியில் புதைந்து கேட்கும். பேஸ் கிட்டாரும் டிரம்சும் மிகத் துல்லியமாகச் சேர்ந்து செல்ல, குரல் மட்டும் கட்டுப்பாடற்று உழலும்.

இத்தகைய ஒலியழகு தாமிரபரணிப் பகுதிக்கு முற்றிலும் புதியதன்று. திருநெல்வேலி வட்டாரத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் நிகழும் கணியான் கூத்தில் மகுடம் எனப்படும் இரு தோற்கருவிகள் வெறுங்கையால் இசைக்கப்படுகின்றன. ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, சுருதி ஏறிய பின் இசைப்பர். இனிமை அங்கு நோக்கமன்று. நள்ளிரவில் சாமியாடியின் உடலில் அருளை இறக்குவதே நோக்கம். ஒலியின் கடுமை அதற்குத் தேவையாகிறது. இவ்விரு இசைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் கொடை விழாவில் மகுடத்தின் அருகே நின்று கேட்டவர்க்கு, செவியைத் தாக்கும் ஒலியும் கணக்கு வழுவாத அடியும் ஒரே இசையில் கூடி நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒலிப்பதிவும் பணமும்

இவ்விசையின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஸ்டீவ் ஆல்பினி (1962-2024). பிக் பிளாக் (1981-1987), ஷெல்லாக் (1992 முதல்) ஆகிய குழுக்களில் கிட்டார் வாசித்துப் பாடிய இவர், பல நூறு குழுக்களின் ஒலிப்பதிவாளராகவும் இருந்தார். தயாரிப்பாளர் என்று அழைக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. குழுவினர் ஓர் அறையில் ஒன்றாக வாசிப்பதை, அவ்வறையின் எதிரொலியோடு உள்ளபடியே பதிவதே தம் வேலை என்றார். ஸ்லின்டின் முதல் தொகுப்பையும் ஜீசஸ் லிசர்டின் தொடக்கக் காலத் தொகுப்புகளையும் பதிவு செய்தவர் இவரே.

1991இல் நிர்வாணா குழு அடைந்த வெற்றிக்குப் பின் பெரிய நிறுவனங்கள் இத்தகைய குழுக்களைத் தேடி வந்தன. 1993இல் ஆல்பினி எழுதிய ஒரு கட்டுரை அந்த ஒப்பந்தங்களின் கணக்கை வரிவரியாகப் போட்டுக் காட்டியது. அவர் கற்பனையாக எடுத்துக்கொண்ட குழு இரண்டரை இலட்சம் இசைத்தட்டுகள் விற்கிறது. வழக்கறிஞர், மேலாளர், தயாரிப்பாளர், காணொளி, பயணம் எனக் கழித்த பிறகு நிறுவனத்துக்குக் கடன்பட்டு நிற்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பெற்றது, கடையில் வேலை பார்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூலியில் மூன்றில் ஒரு பங்கு! கணித ராக்கின் கணக்குகளில் இதுவே மிகவும் புகழ்பெற்றது எனலாம். அதே ஆண்டில் நிர்வாணாவின் இன் யூட்டரோ தொகுப்பைப் பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு கேட்காமல், குழாய் பழுதுபார்ப்பவரைப் போலச் செய்த வேலைக்கு மட்டும் கூலி பெற்றுக்கொண்டார்.

இக்குழுக்கள் பலவற்றை வெளியிட்ட சிகாகோவின் டச் அண்ட் கோ நிறுவனம் செலவு போக இலாபத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்தது. பெரும்பாலும் எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லை. இந்நம்பிக்கை முறைக்கும் விலை இருந்தது. பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு தொடுத்த வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜீசஸ் லிசர்ட் குழுவோ 1995இல் கேப்பிட்டல் என்னும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டு தொகுப்புகளுக்குப் பின் 1999இல் கலைந்தது.

பிற்காலம்

சப்பானில் டிரம்ஸ் கலைஞர் யோசிடா தட்சுயாவின் ருயின்ஸ் குழு 1985 முதலே இத்தகைய இசையைத் தனிப்போக்கில் வளர்த்து வந்தது. 2000க்குப் பின் தோன்றிய சப்பானியக் குழுக்கள் இரைச்சலைக் குறைத்து மெல்லிய, தெளிவான கிட்டார் ஒலிக்கு மாறின. இன்று கணித ராக் என்றவுடன் இளைஞர் பலர் நினைப்பது இவ்வடிவத்தையே. டான் கபயேரோவின் கிட்டார் கலைஞர் இயன் வில்லியம்ஸ் பின்னர் நியூயார்க்கில் பேட்டில்ஸ் குழுவில் சேர்ந்தார். அதன் மிரர்டு (2007) என்னும் தொகுப்பு பரவலாக அறியப்பட்டது. ஸ்லின்ட் 2005இல் மீண்டும் கூடி நிகழ்ச்சிகள் நடத்தியது. ஜீசஸ் லிசர்ட் 26 ஆண்டுகளுக்குப் பின் 2024இல் புதிய தொகுப்பை வெளியிட்டது. ஆல்பினி 2024 மே 7 அன்று மாரடைப்பால் காலமானார். ஷெல்லாக்கின் கடைசித் தொகுப்பான டு ஆல் டிரெயின்ஸ் பத்து நாட்கள் கழித்து வெளிவந்தது.