புள்ளிக்குப் பின்னால் எத்தனை இடம்?

1982 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை, 1000 புள்ளியில் ஒரு புதிய குறியீட்டெண்ணைத் தொடங்கியது. பங்குகள் நன்றாகத்தான் விலைபோயின. குறியீடு மட்டும் இறங்கிக்கொண்டே வந்து, 1983 நவம்பரில் 524.811இல் நின்றது. கணக்கைத் திருத்திப் பார்த்தால், 1098.892 இருந்திருக்க வேண்டும்! ஒவ்வொரு வர்த்தகம் முடிந்ததும் குறியீட்டைப் புதிதாகக் கணக்கிட்ட கணினி, மூன்று தசம இடங்களுக்கு மேல் வந்ததை ரவுண்ட் செய்யாமல் வெட்டிவிட்டது. ஒரு தடவைக்குச் சராசரி இழப்பு 0.0005தான். நாளுக்கு ஏறத்தாழ 3,000 தடவை என்றால் ஒன்றரைப் புள்ளி போய்விடும்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இடம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க, இன்றைய டேட்டாபேஸ்களில் ‘டெசிமல்’ என்ற வகை உண்டு. டெசிமல்(5,2) என்றால் மொத்தம் 5 இலக்கம். அதற்குள்ளேயே 2 இலக்கம் புள்ளிக்குப் பின்னால். ஆகவே 999.99 வரைதான் கொள்ளும். புதியவர்கள் பலர், புள்ளிக்கு முன்னால் ஐந்து இடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். டெசிமல்(5,2)இல் 1000ஐப் போட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பிழை காட்டி மறுத்துவிடும். 12.345ஐப் போட்டாலோ மறுக்காது, 12.35 என்று மாற்றிச் சேமித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பயப்பட வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அளவே சொல்லாமல் வெறும் டெசிமல் என்று எழுதினால் (10,0) என்று எடுத்துக்கொள்ளும். 45.75 ரூபாய் 46 ஆகிவிடும்.

எண்ணை இரும வடிவில் வைக்கும் ‘ஃப்ளோட்’ வகை இன்னும் மோசம். பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவாக எழுதவே முடியாது, அதனால் 0.1உம் 0.2உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகின்றன. வெப்பநிலையைப் பதிய அது போதும், பேரேட்டுக்கு ஆகாது.

எல்லாப் பணத்துக்கும் இரண்டு இடம் போதும் என்பதும் தப்புக்கணக்கு. குவைத் தினாருக்கு ஆயிரம் பில்ஸ். மூன்று இடம் வேண்டும். அங்கிருந்து ஊருக்கு அனுப்பும் 25.375 தினார், இரண்டு இடத்தில் 25.38 ஆகிவிடும். ஜப்பானிய யென்னுக்கோ புள்ளியே வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் ரவுண்ட் செய்வது என்பது தனிச் சிக்கல். ஒன்று 10.13 ரூபாய் வீதம் மூன்று பொருள், 18 சதவீத வரி. பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் வரி 5.46, மொத்தத்துக்குப் போட்டால் 5.47. எது சரி என்று கணக்காளர்தான் சொல்ல வேண்டும். டேபிள் அமைக்கும் முன்பே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.