செயலியை மாற்றுவதா, தளத்தையே மாற்றுவதா?

இலக்கணம் கற்பிக்கின்றவனுக்குக் கணினியின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. சென்ற ஐப்பசி வரை நானும் அவ்வாறுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கணினி 2018ஆம் ஆண்டில் மூத்த மகன் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. மறு ஆண்டு அவன் கனடாவுக்குப் போனான். கணினி தம்பிக்கு ஆயிற்று. சனிக்கிழமை இரவு இளையவன் இங்கே அதன்முன் அமர்வான். ரொறன்ரோவில் மூத்தவனுக்கு அது காலைப்பொழுது. இருவரும் 'சிவிலைசேஷன் 6' என்னும் விளையாட்டிலே நகரங்களை எழுப்புவார்கள், எல்லைகளை விரிப்பார்கள். ஆட்டத்திலும் பேச்சே அதிகம். தாயார் சுகமில்லாதிருந்த செய்தி அங்கே போனதும், அவன் வேலை மாறிய செய்தி இங்கே வந்ததும் அந்த ஆட்டத்தினிடையேதான். என்னோடு தொலைபேசியில் பேசும்போது, "சுகமா இருக்கிறன் அப்பா" என்பதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வருவதில்லை.

அந்த ஆட்டத்திலே கணினி தானே ஆளும் நாடுகள் சில உண்டு. அவை தத்தம் முறையை முடிக்கும்வரை மனிதர் காத்திருத்தல் வேண்டும். ஆட்டம் முதிர முதிரக் காத்திருப்பும் நீண்டது. "அண்ணா ரெண்டு தரம் நித்திரையாப் போனார் அப்பா" என்றான் இளையவன். சனிக்கிழமைகள் குறையலாயின. மூத்தவன், புதியது ஒன்று வாங்கப் பணம் அனுப்புவதாகச் சொன்னான். வாடகை வீட்டில் இருப்பவனிடம் பணம் பெற எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக் கூரையின் ஓடு மாற்றவென்று ஒதுக்கிய பணம் என்னிடம் இருந்தது. அதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதே கேள்வியாயிற்று.

கைத்தொலைபேசியைப் பகாப்பதம் என்று சொல்லலாம். பிரித்தால் பொருள் தராது. மேசைக் கணினியோ பகுபதம். அதன் பகுதி செயலி என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அது தவறு. செயலி அமரும் தாய்ப்பலகையும், அப்பலகை ஏற்கும் நினைவக வகையும் சேர்ந்த அடித்தளமே பகுதி. செயலி அதன்மேல் ஏறுவது. இவ்வடித்தளத்தையே 'தளம்' என்கின்றனர். எங்களுடையது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 தளம். செயலி, 2017இல் வெளிவந்த றைசன் 5 1600. அதனுள் ஆறு கருக்கள்.

முதலில் கேட்ட கடையில், படங்காட்டும் கிரபிக்ஸ் அட்டையை மாற்றும்படி சொன்னார்கள். இளையவன் உடன்படவில்லை. அந்த விளையாட்டினுள்ளேயே சோதனைகள் இரண்டு உள்ளன: ஒன்று படத்தின் வேகத்தை அளப்பது; மற்றது கணினி ஆளும் நாடுகள் ஒரு முறையை முடிக்க எடுக்கும் நேரத்தை அளப்பது. படத்தின் தரத்தை மிகத் தாழ்த்தி இரண்டையும் ஓட்டினான். படம் விரைந்தது, காத்திருப்பு நேரம் அசையவில்லை. அட்டையின்மீது குற்றமில்லை என்பது வெளியாயிற்று.

ஆயின் ஒரு மயக்கம் எஞ்சியது. செயலியின் உழைப்பைக் காட்டும் பக்கத்திலே, அது தன் வலுவில் பாதியளவுகூடச் செலவிடவில்லை என்று இருந்தது. சும்மாயிருப்பவனை எவ்வாறு பழிப்பது? ஆறு ஆசிரியர் உள்ள பாடசாலையை எண்ணிப் பார்த்தேன். விடைத்தாள் முழுவதையும் ஒருவரே திருத்தவேண்டும் என்று விதித்துவிட்டால், மற்ற ஐவரும் தேநீர் அருந்திக்கொண்டிருப்பர்; மொத்தத்தில் பாடசாலை ஓய்வாயிருப்பதாகவே கணக்கு வரும். பெறுபேறு மாத்திரம் பிந்தும். விளையாட்டின் கணக்குகளுட் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்யவேண்டியவை. அவற்றைப் பலருக்குப் பங்கிடல் இயலாது. ஆதலின் கருக்களின் தொகையைவிட ஒரு கருவின் விரைவே இங்கு வேண்டப்படுவது. இதை அறியாமல் கருக்களை எண்ணிப் பணம் கொடுப்போர் பலர்.

இனிக் கேள்வி இரண்டாயிற்று. இரண்டாவது கடைக்காரர் தளத்தையே மாற்றச் சொன்னார். 2022 செப்டெம்பரில் வந்த ஏ.எம்.5 தளம் பின்னாளிலும் புதிய செயலிகளை ஏற்கும் என்றார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அத்தளம் டி.டி.ஆர். 5 நினைவகத்தை மாத்திரமே ஏற்கும். எங்களிடம் இருந்த டி.டி.ஆர். 4 பயனற்றுப்போம். செயலி, பலகை, நினைவகம் மூன்றையும் வாங்கவேண்டும். 2025இன் இறுதியிலே, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால் அவற்றின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. மொத்தச் செலவு செயலி ஒன்றின் விலையைப்போல் மூன்று மடங்கைக் கடந்தது.

பழைய பலகையிலேயே புதிய செயலி ஏறுமா? இங்கே எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2017 ஒக்டோபரில் இன்ரெல் நிறுவனம் தன் எட்டாந் தலைமுறைச் செயலிகளை வெளியிட்டபோது, தொடுமுனைகளின் எண்ணிக்கை முன்போலவே 1151ஆக இருந்தும் பழைய பலகைகள் அவற்றை ஏற்கவில்லை. ஏ.எம்.4 பொருத்துவாயோ பல தலைமுறைகளைத் தாங்கியது. எங்கள் பி350 பலகையைப் போன்ற முதற்காலப் பலகைகளுக்கு 5000 வரிசைச் செயலிகள் உரியனவல்ல என்றே முதலில் சொல்லியிருந்தார்கள். 2022இல் அந்தத் தடையும் நீங்கியது. பலகையின் பயோஸ் என்னும் அடிநிலை மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். இன்னொரு காரணமும் இருந்தது. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வின்டோஸ் 11 எங்கள் பழைய செயலியைத் தன் பட்டியலிற் சேர்க்கவில்லை; 5000 வரிசையைச் சேர்த்திருக்கிறது.

அதே பொருத்துவாய்க்கு றைசன் 7 5800எக்ஸ்3டி என்றொரு செயலியும் உண்டு. விளையாட்டுக்கென்றே 96 மெகாபைற் இடைநினைவகத்தை அதில் அடுக்கியுள்ளனர். இளையவன் கண் அதன்மேல்தான் இருந்தது. விலை கேட்டேன், பேச்சை மாற்றினேன். 2022இல் வெளிவந்த றைசன் 5 5600ஐத் தெரிந்தோம். அதற்குரிய வெப்பநீக்கியும் பெட்டிக்குள்ளேயே வந்தது.

பயோஸைப் பழைய செயலி இருக்கும்போதே புதுப்பித்தல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் பலகை ஊமையாகிவிடக்கூடும். கார்த்திகை மழையிலே எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பலாமா? அயல் வீட்டாரிடம் யூ.பி.எஸ். இரவல் வாங்கினோம். அந்தச் சில நிமிடங்கள் நான் பரீட்சை மண்டபத்து மாணவனைப்போல் இருந்தேன்.

அது நன்றாய் முடிந்தது. பிழை அடுத்த படியிலே நேர்ந்தது. பழைய வெப்பநீக்கியைக் கழற்றுமுன் கணினியைச் சிறிது ஓடவிட்டுச் சூடாக்கி, பின்னர் மெல்லத் திருகி எடுக்கவேண்டுமாம். இளையவன் நேரே இழுத்தான். உலர்ந்த பசையோடு செயலியும் பெயர்ந்து வந்தது. அதன் அடியில் உள்ள 1331 முட்களில் நான்கு வளைந்தன. அதை விற்று வரும் பணத்தை நான் முன்னரே கணக்கில் வைத்திருந்தேன்.

புதியதை வைத்து அதே சோதனையை ஓட்டினோம். காத்திருப்பு மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. மின்னல் வேகம் என்று சொல்லமாட்டேன். இத்தளத்தில் இதற்குமேல் ஏறவும் அதிகம் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் யாவற்றையும் மாற்றவேண்டிவரும் என்பதைத் தெரிந்தே செய்தேன்.

அன்று சனிக்கிழமை. நள்ளிரவு கடந்தும் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். "அப்பாவோ அது? குடுங்கோ" என்றான் மூத்தவன். காதுக் கருவியை மாட்டிக்கொண்டேன். தாயாரின் மருந்தைப்பற்றிக் கேட்டான். தன் வேலையில் உள்ள சங்கடம் ஒன்றைச் சொன்னான். அதை நான் அன்றுதான் முதன்முறை கேட்டேன். பிறகு, "அப்ப ஓடு?" என்றான்.

பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது என்றேன். மாசியில் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.