பழைய பிக்அப் வாகனத்தில் ஏபிஎஸ் பொருத்துவது எளிதா?

சரக்கின்றிச் செல்லும் பிக்அப் வாகனத்தில் திடீரென பிரேக் பிடித்தால், எடை குறைந்த பின்சக்கரங்களே முதலில் சுழற்சி நின்று சறுக்கும். வாகனம் பக்கவாட்டில் திரும்பிவிடக்கூடும். ஃபோர்டு நிறுவனம் 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எஃப்-150 பிக்அப்பின் பின்சக்கரங்களுக்கு மட்டும், இந்தச் சறுக்கலைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதியை அளித்தது இதனால்தான்.

அதற்கும் முந்தைய வாகனங்களில் இவ்வசதியைச் சேர்க்க, சக்கர வேகத்தை அறியும் சென்சார்கள், பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுதி, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை தேவை. பொருத்துவதுகூடப் பெரிதல்ல, வேறொரு வாகனத்தின் எடைக்கும் டயர் அளவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்ட கருவியை இதற்கு இசையச் செய்வதே கடினம். கணக்கு பிசகினால், தேவையற்ற நேரத்தில் பிரேக் தளர்ந்து, வாகனம் நிற்கும் தூரம் நீளும். தேய்ந்த டிரம் பிரேக்குகளை முதலில் சீரமைப்பதே நல்லது.

இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வரம்பு விதிக்கிறது. எனவே, பணியைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம்.